வீட்டுக்குள் வளரும் ஏறுகொடிகள்: வெளிச்சமும் வேரும் தண்ணீரும்

மணி பிளாண்ட் வளர்ப்பது பற்றி நம்மில் அறிவுரை சொல்லாதவர்கள் குறைவு. வெளிச்சமே வேண்டாம், எந்த மூலையில் வைத்தாலும் வரும் என்பார் ஒருவர். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும் என்பார் இன்னொருவர். படுக்கையறையில் வைத்தால் காற்றைச் சுத்தம் செய்துவிடும் என்று நர்சரிக்காரர் சொல்லி அனுப்புவார். இவற்றையெல்லாம் நம்பிச் செடி வாங்கியவர்கள், சில மாதங்களில் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுவதைப் பார்த்து, தங்களுக்குச் செடி வளர்க்கும் கைராசி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது வருந்தத்தக்க முடிவு. ஏனென்றால் இந்தக் கொடிகள் காட்டில் எப்படி வாழ்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், அவை நம் வீட்டில் ஏன் தழைக்கின்றன, ஏன் வாடுகின்றன என்பதைப் பெரும்பாலும் நாமே ஊகித்துவிட முடியும்.

இக்கட்டுரை மணி பிளாண்டை முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, சிங்கோனியம் ஆகிய ஏறுகொடிகளுக்கும் இதில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி பொருந்தும். செடிக்குக் கிடைக்கும் வெளிச்சத்தை முதலில் கணக்கிட வேண்டும், தண்ணீர், உரம், தொட்டி எல்லாம் அந்தக் கணக்கைத் தொடர்ந்து வருபவை என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

வெற்றிலையும் மிளகும் காட்டும் வழி

வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செடிகளின் வாழ்க்கை முறை புதிதல்ல. அகத்தி மரங்களை முதலில் வளர்த்து, அவற்றின் மெல்லிய நிழலில் வெற்றிலைக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். கொடி தன் தண்டின் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் சிறு வேர்களை விட்டு மரத்தைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடியும் இதே வகைதான். உச்சி வெயில் நேராக விழுந்தால் இரண்டும் கருகும். அடர்ந்த இருட்டில் இரண்டும் மெலியும். மிளகுக் கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடும் கிளைகள் ஒல்லியாக நீண்டுகொண்டே போகுமே தவிரக் காய்ப்பதில்லை என்பதையும், மரத்தில் ஏறிய கொடியே காய்க்கும் என்பதையும் விவசாயிகள் நன்கு அறிவார்கள்.

தாவரவியல்படி மணி பிளாண்ட் இவற்றின் உறவினம் அல்ல. அது சேம்பும் சேனைக்கிழங்கும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் வாழும் முறை ஒன்றே: தரையில் பிறந்து, மரத்தைப் பற்றி, இலைகளின் ஊடே சிதறி விழும் வெளிச்சத்தைத் தேடி மேலே போவது. இத்தகைய கொடிகளை ஏறுகொடி என்றும், தண்டு வெளியில் விட்டுப் பற்றிக்கொள்ளும் வேரைக் காற்றுவேர் என்றும் இக்கட்டுரையில் அழைப்போம்.

பூக்க மறந்த ஒரு தீவுக்கொடி

மணி பிளாண்டின் அறிவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மோரியா தீவு அதன் பூர்விகம். 1880இல் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டியபோது போத்தாஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார்கள். இன்றும் பல நாடுகளில் போத்தாஸ் என்றே விற்கப்படுவதற்கு அதுவே காரணம். பிறகு இதை வேறு சில பேரினங்களுக்கு மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒரு தாவரத்தை வகைப்படுத்தப் பூவைத்தான் முதலில் பார்ப்பார்கள், இதுவோ பூப்பது மிக அரிது என்பதால் அந்தக் குழப்பம் நீண்டது.

வளர்ப்பிலுள்ள மணி பிளாண்ட் தானாகப் பூத்ததாக அறியப்படும் கடைசி ஆண்டு 1964. பூக்கத் தூண்டும் கிப்பெரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தயாரிக்கும் மரபணு ஒன்று இச்செடியில் சரிவர இயங்குவதில்லை என்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஊக்கியை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது. பூ இல்லையென்றால் விதையும் இல்லை. அப்படியானால் உலகமெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் தொங்கிக்கொண்டிருக்கும் மணி பிளாண்டுகள் யாவும் யாரோ வெட்டி, யாரோ நட்டு, கைமாறி வந்தவையே. இவ்வளவு தூரம் பரவியும் பிழைத்திருப்பது அதன் தண்டுக்குள்ள ஆற்றலைக் காட்டுகிறது. அந்த ஆற்றலைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கலாம். வீட்டில் உள்ளங்கையளவு இலை விடும் இதே கொடி, வெப்பமண்டலக் காட்டு மரத்தில் ஏறினால் 20 மீட்டர் உயரம் வரை போகும். இலை ஒரு மீட்டர் நீளத்தை எட்டி, ஓரங்கள் கிழிந்து, வேறொரு செடியோ என்று எண்ணும்படி மாறிவிடும். தமிழ்நாட்டிலும் பழைய பங்களாக்களின் தோட்டங்களில் மரமேறிய மணி பிளாண்டை இந்தக் கோலத்தில் காணலாம். வீட்டில் நாம் வளர்ப்பது, வளர்ந்து முடியாத இளம்பருவத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு செடி.

இருட்டை நோக்கி நகரும் நாற்று

செடிகள் வெளிச்சத்தை நோக்கி வளரும் என்று பள்ளியில் படித்தோம். ஏறுகொடிகளில் சிலவற்றின் நாற்றுகள் அதற்கு நேர்மாறாக நடக்கின்றன. கோஸ்டாரிகாவின் மழைக்காட்டில் மான்ஸ்டெரா வகை ஒன்றை ஆராய்ந்த டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே ஆகிய இருவரும், அதன் நாற்றுகள் சுற்றுப்புறத்தில் எந்தத் திசை மிகவும் இருண்டிருக்கிறதோ அந்தத் திசையில் தரையோடு ஊர்ந்து போவதை 1975இல் எழுதினார்கள். காட்டின் தரையில் மிக இருண்ட திசை என்பது பெரும்பாலும் அருகிலுள்ள பருத்த மரத்தின் அடிப்பகுதியே. மரத்தைத் தொட்ட பிறகு கொடி தன் போக்கை மாற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஏறத் தொடங்குகிறது. இந்த நடத்தைக்கு இருள்நாட்டம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இருட்டைத் தேடுவது இருட்டில் வாழ்வதற்காக அல்ல, ஏறுவதற்கு ஒரு பிடிமானத்தை அடைவதற்காக. இந்தச் செடிகளை நிழல் செடி என்று பொத்தாம்பொதுவாக அழைப்பதில் உள்ள பிழை இங்கேதான் இருக்கிறது. நிழல் அவை கடந்து போகும் கட்டம். அங்கே நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும் திறன் அவற்றுக்கு இருக்கிறது, அவ்வளவே.

ஏறத் தொடங்கியதும் உடலும் மாறுகிறது. காற்றுவேர்கள் ஈரமான பட்டையைப் பற்றிக்கொண்டு, மேலே வெளிச்சமும் கூடக்கூட, அடுத்தடுத்து வரும் இலைகள் முந்தையதைவிடப் பெரிதாகின்றன. மாறாக, பிடிமானம் இழந்து தொங்கும் கொடியில் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு நீண்டு, இலைகள் சிறுத்துக்கொண்டே போகும். தொங்குதொட்டியில் ஆறேழு அடி நீளம் தொங்கும் கொடியின் நுனியில் பொடி இலைகள் மட்டும் இருப்பதைக் கண்டு, சத்துக் குறைவென்று உரம் போடுகிறார்கள். உரத்தால் அது மாறாது. கொடி இன்னொரு மரத்தைத் தேடிப் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

பெரிய இலை வேண்டுமென்றால் ஏற ஒரு கம்பு கொடுக்க வேண்டும். நர்சரிகளில் தென்னங்கயிறு சுற்றிய குச்சி மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அது ஒரே நாளில் உலர்ந்துவிடுவதால் காற்றுவேர் அதனுள் இறங்காமல் வெறுமனே ஒட்டி நிற்கும். கோகோபீட் என்னும் தேங்காய் நார்த்தூளோ ஸ்பாக்னம் பாசியோ அடைத்த வலைக்குழாயாக இருந்து, அதை ஈரமாகவே வைத்திருக்க முடிந்தால், சில மாதங்களில் இலை அளவில் தெளிவான வேறுபாடு தெரியும். தொங்கும் கொடிதான் அழகு என்று நினைப்பவர்கள் அப்படியே விடலாம். நுனிகளை அவ்வப்போது வெட்டிவந்தால் போதும். நுனியை வெட்டும்போது கீழ்க்கணுக்களிலிருந்து புதுக்கிளைகள் எழுந்து தொட்டி அடர்த்தியாகும்.

சுருங்கச் சொன்னால், இவை மரமேறிகள். நிழலைப் பொறுத்துக்கொள்பவை, வெளிச்சத்தை விரும்புபவை. ஏறினால் இலை பெரிதாகும், தொங்கினால் சிறிதாகும்.

கண்ணை நம்ப முடியாத இடம்

வெளிச்சத்தை அளப்பதில் நம் கண் மிக மோசமான கருவி. இருளிலும் ஒளியிலும் அது தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால், வெளிமுற்றத்துக்கும் கூடத்துக்கும் உள்ள வேறுபாடு நமக்குச் சிறிதாகவே தோன்றுகிறது. எண்களைப் பார்த்தால் நிலைமை புரியும். வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்ற அலகில் குறிப்பார்கள். மேகமற்ற நண்பகலில் வெட்டவெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். வெயில் நேரடியாக விழாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலை ஒட்டி சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அதே அறையின் உட்சுவர் ஓரத்தில் 100 அல்லது 200 லக்ஸ் மட்டுமே எஞ்சும். நாம் வசதியாகச் செய்தித்தாள் படிக்கும் அந்த இடம் செடிக்கு அந்தி நேரம் போன்றது.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், செடி தன் உணவைத் தானே தயாரித்துத் தானே செலவழிக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரை உண்டாக்குவது ஒளிச்சேர்க்கை. உயிரோடு இருப்பதற்காக அந்தச் சர்க்கரையை இரவும் பகலும் எரிப்பது சுவாசம். வரவும் செலவும் சமமாகும் வெளிச்ச அளவை ஈடுசெய் புள்ளி என்று சொல்லலாம். அதற்கு மேலே வெளிச்சம் கிடைத்தால் மிச்சமாகும் சர்க்கரையில் புது இலையும் வேரும் உருவாகும். அதற்குக் கீழே போனால் செடி தண்டிலும் பழைய இலைகளிலும் சேமித்ததை எடுத்துச் செலவழிக்கும். மணி பிளாண்ட் போன்றவற்றுக்கு ஈடுசெய் புள்ளி தாழ்வானது; சேமிப்பும் கையில் இருக்கும். ஆகவே இருண்ட மூலையில் வைத்த செடி மாதக்கணக்கில் பசுமையாகவே நிற்கும். அதைப் பார்த்துத்தான் வெளிச்சமே தேவையில்லை என்ற நம்பிக்கை பிறந்தது. உண்மையில் அது வளர்வதில்லை, மெல்லக் கரைகிறது. கரைவது நம் கண்ணுக்குத் தெரியும்போது மாதங்கள் கடந்திருக்கும். அப்போது பழியும் வேறெதன் மீதாவது விழும்.

கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. துல்லியமாக இல்லாவிட்டாலும் இரண்டு இடங்களை ஒப்பிட அவை உதவும். அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. செடியின் இலை இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து ஜன்னலைப் பாருங்கள். வானம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம். எதிர்வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தால், ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. நம் வீடுகளில் சன்ஷேடு, கிரில், கொசுவலை ஆகிய மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தூசி படிந்த கொசுவலையைக் கழுவுவதே சில வீடுகளில் செடிக்குச் செய்யும் முதல் உதவியாக இருக்கும்.

திசை பற்றி ஓர் எச்சரிக்கை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட தோட்டக் குறிப்புகள், தெற்கு ஜன்னலில் வெயில் மிகுதி, வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று சொல்கின்றன. அந்தக் குறிப்புகள் அப்படியே தமிழாக்கப்பட்டு உலவுகின்றன. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு அருகில். சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் சாய்வெயில் விழும். தெற்கு ஜன்னலில் மார்கழி, தை மாதங்களில்தான் வெயில் உள்ளே நீளும். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் இந்தக் கொடிகளுக்கு மிகவும் ஏற்றது. மேற்கு ஜன்னலின் கோடைக்கால மூன்று மணி வெயில் இலையைச் சுட்டு, காய்ந்த பழுப்புத் திட்டுகளை உண்டாக்கும். அந்தத் திட்டு மீண்டும் பச்சையாகாது. மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று அதைத் தடுக்கப் போதுமானது.

இலையில் மஞ்சளும் வெள்ளையும் கலந்த வகைகளுக்கு வெளிச்சம் இன்னும் கூடுதலாக வேண்டும். இலைக்குப் பச்சை நிறம் தந்து ஒளியை ஈர்க்கும் பொருளான பச்சையம் அந்த வெளுத்த பகுதிகளில் இல்லை அல்லது மிகக் குறைவு. அங்கே உணவு தயாராவதில்லை. மார்பிள் குயீன் என்ற வெள்ளை வரியோடிய மணி பிளாண்ட் பச்சை வகையைவிட மெதுவாக வளர்வது இதனால்தான். இருண்ட இடத்தில் அதன் புது இலைகள் பச்சையாகவே வரத் தொடங்கினால் ஜன்னலருகே நகர்த்த வேண்டும்.

மணி பிளாண்டைத் தென்கிழக்கு மூலையில் வைக்க வேண்டும் என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் உண்டு. அந்த மூலையில் ஜன்னல் இருந்தால் செடிக்கும் அது நல்ல இடமே. ஜன்னல் இல்லையென்றால், செடிகளுக்கான எல்.இ.டி. விளக்கு ஒன்றை இலைகளுக்கு ஓரடி மேலே நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் நம்பிக்கையும் நிற்கும், செடியும் வாழும்.

வேர் மூச்சுவிட வேண்டும்

வீட்டுச் செடிகள் சாவதற்கு அதிகத் தண்ணீரே முதற்காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. இதே மணி பிளாண்ட் கண்ணாடிப் பாட்டிலில் முழுக்கத் தண்ணீரிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறதே, தொட்டியில் மட்டும் தண்ணீர் எப்படிக் கொல்லும்? இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. கேட்டால் முழு உண்மையும் வெளிவரும்.

இலையைப் போலவே வேரும் சுவாசிக்கிறது; அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய வெற்றிடங்களில் இருக்கும் காற்றிலிருந்து அதைப் பெறுகிறது. அந்த வெற்றிடங்கள் தண்ணீரால் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் வேரை எட்டுவது கடினமாகிறது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சு முட்டிய வேர் இறக்கத் தொடங்குகிறது. இறந்த வேரில், காற்றில்லா ஈரத்தில் செழிக்கும் நுண்ணுயிர்கள் புகுந்து அதை அழுகச் செய்கின்றன. பாட்டிலில் வாழும் செடிக்கோ தண்ணீரின் சூழலுக்கேற்ப உருவான வேர்கள் இருக்கின்றன. திறந்த வாய் வழியாகவும், நாம் தண்ணீர் மாற்றும்போதும் ஆக்சிஜன் கரைகிறது. அழுகுவதற்கான மக்கும் பொருளும் அங்கே குறைவு. எனவே பிரச்சினை தண்ணீரின் அளவு அல்ல, காற்று இல்லாமை.

அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. மண் நனைந்திருக்கும்போதே செடி தாகத்தில் வாடும். வாடிய இலையைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம், அழுகல் விரைகிறது. நல்லெண்ணத்தால் இத்தனை செடிகள் சாவதற்கு இந்த ஒரு தவறான வாசிப்பே காரணம் என்பதால், இதை மட்டுமாவது அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இலை வாடினால் முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் அது தாகம். மண் ஈரமாக இருந்தால் அது வேரின் நோய். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி நீக்கி, புதிய கலவையில் நட வேண்டும்.

தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டுச்சில்லோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற வழக்கத்தையும் இங்கே பார்த்துவிட வேண்டும். நனைத்த பஞ்சைத் தட்டையாகப் பிடித்தால் சிறிது நீர் சொட்டி நின்றுவிடும். அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் மேலும் சொட்டும். ஆனாலும் இரண்டு நிலையிலும் அடி விளிம்பில் ஒரு பட்டை அளவுக்கு நீர் தங்கியே இருக்கும். மண்ணும் அப்படியே, எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஒரு நிறைஈர அடுக்கு எஞ்சும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் தன்மை. நுண்துகள் மண்ணிலிருந்து நீர் பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது என்பதால், ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்து நிற்கும். துளையை மண் அடைக்காமலிருக்க ஒரே ஒரு ஓட்டுத்துண்டை வைப்பது சரி. அடுக்காகப் பரப்புவது வேண்டாம்.

மாற்ற வேண்டியது கலவையைத்தான். நர்சரிகள் பெரும்பாலும் செம்மண்ணில் நட்டுக் கொடுக்கின்றன. வெயிலில் இருக்கும் செடிக்கு அது பொருந்தலாம், வீட்டுக்குள் அது கெட்டிப்படும். கழுவி உப்பு நீக்கிய கோகோபீட் இரண்டு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு அல்லது சிறு கரித்துண்டு ஒரு பங்கு, பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூடாக்கிப் பொரித்த வெள்ளைத் துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு எனக் கலந்தால் ஈரமும் காற்றும் சேர்ந்து நிற்கும் கலவை கிடைக்கும். மரப்பட்டை இடுக்குகளில் இலைமக்கும் காற்றுமாக வளரப் பழகிய வேர்களுக்கு இது ஏறக்குறைய சொந்த ஊர். தொட்டி, வேர்த்தொகுதியைவிட ஓரிரு அங்குலம் மட்டும் அகலமாக இருக்கட்டும். அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி, எத்தனை நாளைக்கு ஒரு முறை ஊற்றுவது? செடி உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இலைகளின் நுண்துளைகள் வழியே ஆவியாக வெளியேறுகிறது. இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். வெளிச்சம் கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும், நுண்துளைகள் அதிகம் திறக்கும், நீராவிப்போக்கும் கூடும். ஒரே அளவுத் தொட்டி ஜன்னலோரத்தில் நான்கைந்து நாளில் உலரும். அறைமூலையில் இரண்டு வாரமானாலும் ஈரமாக இருக்கும். தினமும் ஒரு டம்ளர் என்பது போன்ற விதிகள் பொய்ப்பது இதனால்தான். மேல்மண் இரண்டு அங்குல ஆழம் வரை உலர்ந்த பின், அடித்துளை வழியே நீர் வடியும் வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே ஈரத்தை அறியும் பழக்கம் சில வாரங்களில் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் வெளிச்சம் குறைந்து காற்றில் ஈரம் மிகுவதால் இடைவெளி இன்னும் நீளும்.

இங்கே நினைவில் கொள்ள வேண்டியவை: வேருக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே தேவை, மண்ணின் அமைப்பே அதைத் தருகிறது, நீர் எப்போது ஊற்றுவது என்பதைச் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சமே தீர்மானிக்கிறது.

கணு என்னும் உயிர்முனை

தண்டில் இலை முளைக்கும் முடிச்சுக்குக் கணு என்று பெயர். காற்றுவேரின் தொடக்கமும், புதுக்கிளையாகக் கூடிய மொட்டும் அங்கேதான் இருக்கின்றன. கணுவோடு வெட்டிய துண்டு முழுச்செடியாகும். கணு இல்லாத வெறும் இலையைக் காம்போடு நீரில் வைத்தால் வேர் வரலாம், நெடுநாள் பசுமையாகவும் நிற்கலாம், ஆனால் மொட்டு இல்லாததால் அதிலிருந்து கொடி எழாது. கணுவுக்கு ஓர் அங்குலம் கீழே சுத்தமான கத்தியால் வெட்டி, கணு நீரில் மூழ்குமாறும் இலை வெளியே இருக்குமாறும் வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் வேர் தெரியும். மண்ணுக்கு மாற்ற விரும்பினால் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. நெடுங்காலம் நீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகச் சிரமப்படும்.

நீரிலேயே வளர்ப்பவர்கள் வாரம் ஒரு முறை தவறாமல் நீரை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த, தேங்கிய சிறு நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பாட்டிலின் வாயைப் பஞ்சாலோ மெல்லிய வலையாலோ அடைப்பது கூடுதல் பாதுகாப்பு. வெறும் நீரில் சத்து இல்லை என்பதால் மாதம் ஒரு முறை திரவ உரத்தைச் சொல்லப்பட்ட அளவில் நான்கில் ஒரு பங்காகக் கலக்கலாம்.

உரம், ஏசி, பூச்சி

உரம் உணவல்ல; உணவை வெளிச்சம் தருகிறது, உரம் தருவது தாதுச்சத்து மட்டுமே. வளராத செடிக்கு உரம் போட்டால் உப்பாகத் தேங்கி வேரைச் சுடும். புது இலைகள் வரும் காலத்தில் மாதம் ஒரு பிடி மண்புழு உரம் போதும். அரிசி கழுவிய நீர், பால் கழுவிய நீர், டீத்தூள் ஆகியவை வீட்டுக்குள் நாற்றத்தையும் மண்ணில் மொய்க்கும் சிறு ஈக்களையும் வரவழைக்கும்; அவற்றைத் தோட்டத்து மரங்களுக்கு ஊற்றுங்கள்.

போர்வெல் நீர் உப்பாக இருந்தால் இலைநுனி பழுப்பாகிக் காயும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் ஏறும். முடிந்தபோது மழைநீரை நிறைய ஊற்றி வடியவிட்டால் தேங்கிய உப்பு கரைந்து வெளியேறும். ஏசியின் குளிர்காற்று நேராகப் படும் இடத்தில் வைக்கக் கூடாது. ஈரப்பதம் கூட்டுவதற்காக இலைமேல் நீர் தெளிப்பது சில நிமிடங்களுக்கு மேல் பயன் தராது. அதைவிட ஈரத்துணியால் இலைத்தூசியைத் துடைப்பது நல்லது. வெளிச்சமும் கூடும், கணுவிடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டும் மாவுப்பூச்சியும் தொடக்கத்திலேயே கண்ணில் படும். பூச்சி தென்பட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறத்திலும் படும்படி வாரம் ஒரு முறை தெளிக்கலாம்.

காற்றைச் சுத்தம் செய்கிறதா?

இந்த நம்பிக்கையின் மூலம் 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக பில் வால்வர்டன் குழுவினர் செய்த ஆய்வு. மூடிய சிறு பெட்டிகளில் செடிகளை வைத்து, பென்சீன், பார்மால்டிஹைடு போன்ற வாயுக்களைச் செலுத்தியபோது அவற்றின் அளவு குறைந்தது. ஆய்வு பொய்யில்லை. ஆனால் நம் வீடு அடைத்த பெட்டி அல்ல. கதவிடுக்கிலும் ஜன்னலிலும் ஓயாமல் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தின் பிரையன் கமிங்ஸ், மைக்கேல் வாரிங் ஆகியோர் இத்தகைய பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள். அந்தக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும். காற்று சுத்தமாக வேண்டுமென்றால் ஜன்னலைத் திறப்பதே வழி. செடியை அதன் பசுமைக்காகவும், அது வளர்வதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவும் வைத்திருப்பது போதுமான காரணம் என்றே நான் கருதுகிறேன்.

வீட்டிலும் வெளியிலும் கவனம்

சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிப்பதற்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்னும் பொருளின் ஊசி போன்ற நுண்படிகங்கள். அதே குடும்பத்து மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், சிங்கோனியம் எல்லாவற்றிலும் அந்தப் படிகங்கள் உண்டு. இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை, பூனை, நாய் உள்ள வீடுகளில் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். குழந்தை கடித்துவிட்டால் வாயைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கொடியை வெட்டிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வெட்டிய துண்டுகளை ஓடைக்கரையிலோ மலைப்பாதையிலோ எறிவதும் ஆபத்தானது. இலங்கையில் கண்டி நகரை ஒட்டிய உடவத்தகெலே சரணாலயத்தில் இதே மணி பிளாண்ட் பல ஹெக்டேர் பரப்பில் தரையையும் மரங்களையும் மூடிப் படர்ந்து, அங்குள்ள இயல்தாவரங்களுக்கு இடமில்லாமல் செய்திருக்கிறது. மழையும் நிழலும் உள்ள நம் மலைப்பகுதிகளிலும் அது நடக்கக் கூடும். கணுவுள்ள ஒரு துண்டு ஈரத்தில் கிடந்தால் பிழைத்துக்கொள்ளும். ஆகவே கழித்த கொடியை வெயிலில் முறுமுறுவென்று காயவைத்த பிறகே உரக்குழியிலோ குப்பையிலோ சேர்க்க வேண்டும்.